மீண்டும் ஒன்றிலிருந்து

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டான் பாரு!"

கயல்விழி போட்ட சத்தத்தில் பக்கத்து சீட் அனுராதா டிபன் பாக்ஸைக் கீழே போடப் பார்த்தாள்.

"இந்த வாட்டி இன்னாவாம்க்கா?"

"பட்டியல் நடுவுல ஒரு பத்தி வந்தா, அதுக்கப்புறம் எண் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குதாம். 'பாருங்கக்கா'ன்னு ஒரே வரி. அக்காவாம், அக்கா!"

திருத்தணியில், அரக்கோணம் சாலையில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. பத்திரம், ஒப்பந்தம், கேள்வித்தாள் என்று எதையும் கம்ப்யூட்டரே அமைத்துத் தர உதவும் 'லைப்ரரி' எனும் புரோகிராம் தொகுப்பு ஒன்றை உருவாக்கி மற்ற கம்பெனிகளுக்கு விற்பார்கள். அதில் எண் போட்ட பட்டியல்களை அமைக்கும் பகுதி கயல்விழியின் பொறுப்பு.

ஒண்ணு, ரெண்டு, மூணு. இதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். மகள் பள்ளிக்கூடம் போய் நிலைத்த பிறகு, ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் பிடித்து மறுபடி வேலைக்கு வருகிறாள். இப்போதைக்குத் தற்காலிகம். இந்தப் பகுதியை ஒழுங்காக முடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டில் விசைத்தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவள் எழுதுவதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியவன் நஜீர் அகமது. வயதில் அவளுக்குச் சின்னவன், பதவியில் பெரியவன்.

முதலில், இரண்டாவது பட்டியல் ஒன்றில் தொடங்காமல் நாலில் ஆரம்பிக்கிறது என்று திருப்பி அனுப்பினான். சரிசெய்தாள். அப்புறம், உள்பட்டியலில் அ, ஆ, இ முடிந்து அடுத்த எண்ணுக்குப் போனால் மறுபடி 'அ' வராமல் 'ஈ' வருகிறது என்றான். அதையும் சரிசெய்தாள். இப்போது இது.

"உங்கள தொரத்தத்தான் பார்க்கறாருக்கா," என்றாள் அனுராதா. "எங்க யாரையும் இப்படிக் குடைஞ்சதே இல்ல. இந்த சீட்டுக்கு வேற யாரையாவது மனசுல வெச்சிகினு இருக்காரோ என்னவோ."

கயல்விழிக்கும் அப்படித்தான் பட்டது.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகைக் கூட்டம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ் இம்மிகூட நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓர் ஊர்க்காரர்கள் காவடியோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பம்பை அடித்துக்கொண்டு வேறு ஊர்க்காரர்கள் நடுவில் புகுந்தார்கள். அவர்கள் கடந்து போனதும், முதல் ஊர்க்காரர்கள் எதுவுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து வரிசையைத் தொடர்ந்தார்கள்.

கயல்விழி எழுந்தே நின்றுவிட்டாள்.

"மேல் வரியைப் பார்த்து எண் போடக் கூடாது! எந்தக் கூட்டத்து ஆளுன்னு பார்த்துப் போடணும்!"

"இன்னாம்மா, எறங்கணுமா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணா. வழி கெடைச்சிடுச்சு!"

"வண்டியே நகரல. இன்னா வழிம்மா கெடைச்சிது உனக்கு?"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி அடையாளம். ஒவ்வொரு வரியும் தன் பட்டியலை மட்டும் பார்த்து எண் வாங்கிக்கொள்ளும். நடுவில் எது வந்தாலும் கவலையில்லை.

நஜீர் அதை ரொம்ப நேரம் உருட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"ஆங், சரியா இருக்குக்கா," என்றான். அவ்வளவுதான். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை.

அந்த லைப்ரரியை வாங்க வந்தவர்கள் சென்னைக்காரர்கள். விதிக்குள் விதி, அதற்குள் இன்னொரு விதி என்று போகும் நீளமான வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்துச் சோதித்தார்கள். நடுவில் ஒரு விதியை நீக்கினார்கள். கண் இமைப்பதற்குள் கீழே இருந்த எண்களெல்லாம் தானாக ஒரு படி மேலே வந்து நின்றன.

"இதத்தான் சார் தேடிகினு இருந்தோம்!" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். அனுராதா விசிலே அடித்துவிட்டாள்.

முதலாளி சுந்தரமூர்த்தி, கயல்விழியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நிரந்தர வேலைக்கான உத்தரவை நீட்டினார். கூடவே ஒரு மைசூர்பாகு.

"சந்தோஷமாம்மா?"

"ரொம்ப சந்தோஷம் சார். ஒரே ஒரு வேண்டுகோள்." கயல்விழி தயங்கினாள். "இனிமே நஜீர்கிட்ட மட்டும் என்னை விட்டுடாதீங்க. வேற யார் வேணா சரிபார்க்கட்டும். அவருக்கு நான் இங்க வந்ததே புடிக்கல சார். தோண்டித் தோண்டிக் குத்தம் கண்டுபிடிச்சாரு."

சுந்தரமூர்த்தி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். பரவால்ல. இந்தப் பட்டியல் வேலைய நீங்க வர்றதுக்கு முன்னாடியே அவன் முடிச்சிட்டான்மா. சுமாரா ஓடிகினும் இருந்துச்சு. உங்ககிட்ட கேட்டானே, அது ஒவ்வொண்ணும் அவனே தடுக்கி விழுந்த இடம்."

கயல்விழியின் கையில் மைசூர்பாகு அப்படியே நின்றது.

"முடிச்சிட்டாரா? அப்புறம் ஏன் சார் எனக்குக் குடுத்தீங்க?"

"உங்க இன்டர்வியூ முடிஞ்சதும், ஆள் கெட்டிதான், ஆனா குடுக்கறதுக்கு வேலை இல்லியேன்னு உங்கள வேணாம்னுட்டேன். 'இப்ப இருக்கு சார், அந்தக்கா என்னைவிட நல்லா எழுதுவாங்க'ன்னு சொல்லி, எழுதினது மொத்தத்தையும் என் கண்ணெதிர்லயே அழிச்சவன்மா அவன்!"