மின்னலுக்கு மட்டும் ஏலாது

றெக்சன் செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். குருநகர் வீட்டு முன்னறையில், வெறுமையான பிளாஸ்ரிக் கதிரைகளின் மேல் பின்னேர வெயில் விழுந்துகிடக்கிறது. ஜெனிற்றா தன் புருசன் றெக்சனின் போனில் அவன் பாதியில் விட்ட விளையாட்டைத் திறக்கிறாள். காட்டிலும் கடலிலும் விசித்திர மிருகங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் விளையாட்டு. மாமனார் அந்தோனிப்பிள்ளை ஒரு கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுகிறார். "உந்த நீலமாய் நிக்கிறது என்ன பிள்ளை?" "இவர் வளர்த்தது, மாமா. தண்ணிச் சாதி. நெருப்பை அணைச்சுப்போடும், கல்லையும் உடைச்சுப்போடும். மின்னலுக்கு மட்டும் ஏலாது." சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்கிறது. கடலில் வலை இழுத்துக்கொண்டு நின்றவனை மின்னல்தான் கொண்டுபோனது. கிழவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறார். திரையில் வானம் கறுக்கிறது. மயிர் சிலிர்த்த மிருகம் ஒன்று மின்னற்பொறி பறக்க எதிரே வந்து நிற்கிறது. நீலக்குட்டி அலைக்கு நடுவே, ஒன்றும் அறியாமல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. "கூப்பிடு பிள்ளை." வலைக்கயிறு அறுத்துக் காய்த்த அவருடைய விரல் நீலக்குட்டியின் மேல் பதிகிறது. "கரைக்கு வரச்சொல்லு. கெதியா வரச்சொல்லு!" ஜெனிற்றா திருப்பிக் கூப்பிடும் பொத்தானை அமத்துகிறாள். அது திரும்பி ஓடிவருகிறது. அந்தோனிப்பிள்ளை வாசலைப் பார்க்கிறார்.