முதுகுக்குக் குரல்

எண்பதுகளில் வந்த தைவான் படம் அது. அங்கேயே பத்து நாள் ஓடியிருந்தால் அதிகம். தமிழில் பேசவைத்து வெளியிட அதைத் தணிகாசலம் வாங்கியிருந்தார். கடைசிக் காட்சியில், பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த புருஷன் வாசலில் நிற்கிறான். மனைவியோ நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரஞ்சு உரிக்கிறாள். மூன்று நிமிஷத்துக்குப் பேச்சே இல்லை. அவளுக்குக் குரல் கொடுக்கும் குஞ்சரி மைக்குக்கு முன்னால் நின்றாள்.

“உதடுதான் தெரியலையே, நறுக்குன்னு நாலு வார்த்தை கேளும்மா. இல்லேன்னா சீனையே வெட்டிடுவேன்,” என்றார் தணிகாசலம்.

“வெட்டுறது அப்புறம் சார். மொதல்ல ஓட்டச் சொல்லுங்க.”

திரையில் இருப்பவளைக் குஞ்சரிக்குத் தெரியாதா என்ன? இரண்டு நாளாக அவளாகவே அல்லவா பேசிக்கொண்டிருக்கிறாள்.

படம் ஓடியது. குஞ்சரி ஒரு சொல்லும் சொல்லவில்லை, மூச்சை மட்டும் கொடுத்தாள். ஏறி, நெஞ்சிலேயே நின்று, நெடுநேரம் கழித்து இறங்கிய மூச்சு.

விளக்குப் போட்ட பிறகும் தணிகாசலம் எழுந்திருக்கவில்லை.

“ஏம்மா, அவன உள்ள விடுவாளா?”

“எனக்கென்ன சார் தெரியும்?”

அவர் ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பினார். “இன்னொரு வாட்டி ஓட்டுப்பா. இப்பவாவது திரும்புறாளான்னு பாப்போம்.”