கோழிப் படத்துக்குக் கீழே

"இது என்ன கரண்ட் பெட்டியா, முன்பள்ளிப் பிள்ளைங்க படம் வரையிற கொப்பியா?"

பாடசாலை விட்டு வந்த டிலுக்ஷி டீச்சர் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

புதுப் பெட்டியில் நான்கு சுவிட்ச். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை டேப்பில் ஒரு படம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், குழாய், சிலுவை, அப்புறம் ஆடா கோழியா என்று தெரியாத ஒன்று. வயர்களின் நுனியிலும் அதே படங்கள்தான் ஒட்டியிருந்தன.

"கோழிங்க டீச்சர். குஞ்சுங்களுக்குக் குளிருக்காகப் போட்ட பல்ப்போட லைன்," என்றான் வயரிங் செய்ய வந்த நிரோஷன்.

"எந்த வயர் எங்க போகுதுன்னு தெளிவா எழுதி ஒட்டச் சொன்னேனா இல்லையா?"

நிரோஷன் தலையைச் சொறிந்தான். "எனக்கு எழுத்து அவ்வளவா வராதுங்க டீச்சர்."

டிலுக்ஷி பெட்டியை மறுபடி பார்த்தாள். இப்படிப்பட்ட ஆளிடமா வீட்டு வயரிங்கை ஒப்படைத்தோம்?

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. காலையில் அவளும் கணவனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் மாமனார் மத்தியாஸ் மட்டும்தான். போன மாதம் அடைமழையில், சமைக்கிற குசினியின் பிளக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. மாமா குசினி லைனை நிறுத்துவதாக நினைத்து வேறு எதையோ நிறுத்திவிட்டு பிளக்கில் கை வைத்தார். கரண்ட் தூக்கி எறிந்தது. மாதா புண்ணியத்தில் விரல் காயத்தோடு போயிற்று.

இத்தனைக்கும் பழைய பெட்டியில் டிலுக்ஷியே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். "அவசரத்துல பாக்கலம்மா," என்றார் மாமா. அதற்காகத்தான் இந்தப் புதுப் பெட்டியும் புது வயர்களும்.

மாமாவுக்கோ இப்போது சிரிப்புத் தாங்கவில்லை. மூக்குக்கண்ணாடி வழுக்கி இறங்கும்வரை சிரித்தார்.

"இந்தக் காலத்துல எழுத்து தெரியாத பயலா! நோர்வூட் டவுன் பூரா சொல்லிச் சிரிக்கலாம். ஆனா படம் நல்லாத்தாம்மா இருக்கு. கேத்தல்னா குசினி. குழாய்னா தண்ணி மோட்டர். சிலுவைன்னா மாதா படம் இருக்குற ஹோலு. கோழின்னா கோழிக்கூடு."

ஒன்றும் பிசகாமல் ஒப்பித்தார். காலைப் பத்திரிகையைக்கூட, "நீ வாசிச்சாத்தாம்மா கேக்க நல்லாருக்கு," என்று அவளிடமே நீட்டும் மனிதர், படத்துக்கு மட்டும் இத்தனை உற்சாகம் காட்டினார்.

நிரோஷன் அந்தக் கிண்டலையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு பையைத் தூக்கிப் புறப்பட்டான்.

அவன் தலை மறைந்ததும் டிலுக்ஷி மார்க்கரோடு பெட்டியின் முன் நின்றாள். வேறு வழியில்லை, தானே எழுதி ஒட்ட வேண்டியதுதான். முதலில் அந்தக் கோழியை உரித்தாள்.

அடியில் இன்னொரு டேப். அதில் 'கோழிக்கூடு' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அவளுடைய கரும்பலகை எழுத்தெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. கேத்தலின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் 'குசினி'.

டிலுக்ஷிக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று. கேலி செய்கிறானா? ஓட்டமும் நடையுமாகப் போய் பஸ் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தாள். கோழி இன்னும் அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சும் ஏன் பொய் சொன்னீங்க? எழுத்தை மறைச்சு எதுக்குப் படம்?"

நிரோஷன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஐயாகிட்ட கேட்றாதீங்க டீச்சர். எழுதி ஒட்டிட்டு, 'குசினி சுவிட்ச் எதுன்னு தொட்டுக் காட்டுங்க ஐயா'ன்னேன். 'கண்ணாடி போடலப்பா, எழுத்து தெரியல'ன்னாரு."

"சரி, அதுக்கென்ன?"

"கண்ணாடி அவரு மூக்கு மேலதாங்க இருந்துச்சு."