அன்னாசி எசென்ஸ்

ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது திம்மப்பனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவன் வீட்டோடு வந்து இருக்கலாமா, கூடாதா.

கூடாது என்று முனிலட்சுமி காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

புருஷன்தான். அவனைச் சாமல்பட்டியில் விட்டுவிட்டு ஓசூருக்கு வந்து இந்த எசென்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். சுற்றிலும் மாந்தோப்பு இருக்க, அன்னாசி வாசனையை ரசாயன டிரம்மிலிருந்து காய்ச்சி எடுக்கிற கம்பெனி.

பெரிய ஸ்டீல் கலனில் முதலில் ஆல்கஹால் ஊற்றுவார்கள். பிறகு பியூட்ரிக் ஆசிட். அந்தக் கேனைத் திறந்தால் போதும், வாந்தி நாற்றம் தாங்காமல் புதிதாக வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். இவள் சேலைத் தலைப்பைக்கூட எடுக்க மாட்டாள்.

உனக்கு மட்டும் எப்படியம்மா தாங்குகிறது என்று சூப்பர்வைசர் பெருமாள் கேட்டார். பழகிவிட்டது என்றாள். எங்கே பழகியது என்று அவர் கேட்கவில்லை.

கொஞ்சம் கந்தக அமிலமும் விட்டு, மூடிச் சூடேற்றினார்கள். மத்தியானம் சாம்பிள் எடுத்தபோதும் அதே நாற்றம். இதாவது திருந்துவதாவது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அவசரப்படாதே, இன்னும் வேகட்டும் என்றார் பெருமாள்.

சாயங்காலம் சோடாக் கரைசலில் கழுவி எடுத்தார்கள். கொட்டகை முழுக்க அன்னாசி.

தினமும் வருகிற வாசனைதான். இன்றைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டிலில் ஊற்றும்போது உள்ளங்கையில் கொஞ்சம் சிந்தியது. அவள் கழுவவில்லை.

கேட்டுக்கு வெளியே திம்மப்பன் நின்றிருந்தான். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தான். கை நடுங்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டாள்.

தன் உள்ளங்கையை அவன் மூக்கருகே நீட்டினாள்.

அவள் கையைப் பிடித்து மோந்துவிட்டு, அன்னாசிப்பழம் என்றான். கொஞ்சம் சிரிக்கவும் செய்தான்.

"நீ குடிச்சிட்டு வருவியே அந்த வாடையும், நீ எடுத்த வாந்திய விடிஞ்சதும் நான் தொடைப்பனே அந்த வாடையும் சேர்ந்துதான்யா இப்படி ஆச்சு."

அவன் சிரிப்பு நின்றுபோனது. ஆனால் அவள் கையை விடவில்லை. இன்னொரு தரம் மோந்து பார்த்தான்.

வீட்டோடு வந்து இரு என்று அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போகச் சொன்னாள்.

பஸ்ஸில் ஏறப் போனவள் திரும்பி, கோழிக்குழம்பு வைக்கட்டுமா என்று கேட்டாள்.