ஓசித் தக்காளி

"வாங்க தம்பி, வாங்க! காசு வேண்டாம். ஆளுக்கு ரெண்டு எடுத்துக்குங்க!"

மரப்பெட்டி நிறைய அழுகல் தக்காளி. கறுப்புப் பாவாடையும் நீலச் சால்வையுமாக ஒரு மலைக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், மைதானத்துப் படிகளில் ஏறி ஏறி அதைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

சொய்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் கட்டியிருந்த குழந்தையைச் சரிசெய்தபடியே கேட்டாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்? பந்தாட்டம் பார்க்கத்தானே வந்திருக்கோம்?"

"கராபலி மேல அடிக்கத்தான்மா. பின்ன என்ன, சூப்பு வைக்கவா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஓல்கெர் கராபலி எதிரணியின் விங்கர். ஈக்வடார் மலையூர்களில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. எல்லைக்கோட்டை ஒட்டியே ஓடுகிறவன். கார்னர் உதைக்கவும் அவன்தான் வருவான். அவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, அவ்வளவுதான்.

"அப்பன் பள்ளத்தாக்குக் கறுப்பன். ஆத்தா யாரோ நம்ம மலைக்காரிதானாம்," என்றான் சொய்லாவின் புருஷன் வில்மெர். "கரிக்கட்டையைத் தேடிப் போயிருக்கா பாரு! பையன் அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான். அங்கயும் சேர்த்தி இல்ல, இங்கயும் சேர்த்தி இல்ல."

"அதான் ஓரத்துலயே ஓடுறான்!" என்றான் பின்னால் ஒருவன்.

மறுபடியும் சிரிப்பு. தக்காளிக்காரியும் சிரித்தாள். வில்மெருக்கு இரண்டு தக்காளி கொடுத்தாள்.

"போன மாசம் தெற்கே பாட்டில் பட்டு அவன் கண்ணு கிழிஞ்சு போச்சாமே?" என்றான் பின்னால் இருந்தவன்.

"ஆமா. அதே கண்ணுல இன்னொரு அடி விழுந்தா பார்வை போயிரும், பந்தும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாராம். பந்தை விட்டா வேற என்ன தெரியும் அவனுக்கு? ஆடிக்கிட்டே இருக்கான்."

"அப்ப இன்னிக்கே முடிச்சு வெச்சிருவோம்," என்றான் வில்மெர்.

குனிந்தான். பழைய சிமெண்டுப் படி. வெடித்திருந்த விளிம்பிலிருந்து கையளவு சில்லு ஒன்றைப் பெயர்த்து எடுத்தான்.

சொய்லா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம்யா. பாவம்யா."

"கையை விடுடி."

தக்காளிக்காரி நடுவில் புகுந்தாள்.

"கல்லு எதுக்குத் தம்பி? கம்பியில பட்டு உன் மேலயே திரும்பும். அதைக் கீழ போடு. இந்தா, நல்லாக் கனிஞ்சது. சட்டையில அடி. மூஞ்சின்னா துடைச்சுக்குவான். சட்டையில அடிச்சா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நாறும்."

வில்மெருக்கு அது பிடித்துப்போயிற்று. சில்லை நழுவவிட்டு இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டான்.

"உனக்கு நெஞ்சுல இரக்கமே கிடையாதாக்கா?" என்றாள் சொய்லா.

"இரக்கத்தை வெச்சு என்னம்மா பண்றது? கொஞ்சம் தள்ளி உட்காரு, பெட்டி இடிக்குது."

மேல்படிகளுக்கு ஏறிப் போனாள். அங்கேயும் கைகள் நீண்டன.

இரண்டாவது பாதியில் இந்தப் பக்கம் கார்னர் கிடைத்தது. கராபலி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். கண்ணுக்குக் கீழே தையல் போட்ட தழும்பு வேலிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. கூட்டம் குரங்கு மாதிரி கத்த ஆரம்பித்தது.

முதல் தக்காளி மலைக்காரியின் கையிலிருந்துதான் போனது. அவன் நெஞ்சில் பட்டுச் சிதறியது.

"அடிங்கடா!" என்று அவளே கத்தினாள்.

அப்புறம் மழைதான். நடுவர் விசில் ஊதினார். போலீஸ்காரர்கள் வேலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கராபலி குனிந்து, பந்தை வைத்து, உதைத்துவிட்டு ஓடினான். சொய்லா பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தது. வில்மெர் கூட்டாளிகளோடு பீர் குடிக்கப் போனான். சொய்லாவுக்கு மனசு ஆறவில்லை. ஊர் சார்பில் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எதிரணியின் பஸ் நின்ற இடத்துக்குப் போனாள்.

பஸ்ஸுக்குப் பின்னால் கராபலி தரையில் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து இடுப்பு வரை சிவப்பு. எது தக்காளி, எது ரத்தம் என்று தெரியவில்லை.

அவன் முன்னால் அந்தத் தக்காளிக்காரி மண்டி போட்டிருந்தாள். நீலச் சால்வையின் நுனியால் அவன் கண்ணைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணைத் திற. என் விரல் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"கல்லு பட்டுதா?"

"ஒண்ணே ஒண்ணு. தோள்ல. மத்ததெல்லாம் தக்காளிதான்."

"அக்கா... இவரு உங்க..." என்று ஆரம்பித்தாள் சொய்லா.

தக்காளிக்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். எழுந்து வந்து சொய்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதம்மா. உன் குழந்தை நல்லா இருக்கும், யார்கிட்டயும் சொல்லிராத. இவனைப் பெத்தவ நான்னு தெரிஞ்சா, அடுத்த ஞாயிறு போற ஊர்ல என் தக்காளியை எவன் வாங்குவான்? எல்லாரும் கல்லைத்தான் எடுப்பாங்க."