விரல் உரசல்

ஒரகடம் முதல் வாலாஜாபாத் வரை என்னைவிடச் சிறந்த பேஸ் கிடார் கலைஞன் கிடையாது. பேஸ் கிடாரை நான் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம். லேப்டாப் மென்பொருளுக்குள் இருக்கும் கிடாரை விரலால் மீட்டுவதா, பிக் என்னும் சின்ன வில்லையாலா, தந்தி எவ்வளவு அதிரலாம் என்பதையெல்லாம் நானே தீர்மானிக்கிறேன்.

கல்லூரி விழாவுக்கான பாட்டை அன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் எங்கள் குழுவுக்கு மேடை இல்லை. பாட்டு முழுக்க, தந்தியில் சொரசொரவென்று விரல் உரசியது. அந்தச் சத்தத்துக்கென்றே இருக்கும் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தேன். உரசியது. பிக் வாசிப்புக்கு மாற்றினேன். அப்போதும் விரல்தான் உரசியது.

ஷிப்ட் முடிந்து வந்த அறைத்தோழன் தங்கமாரி, கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தபடி கொஞ்ச நேரம் கேட்டான்.

“வாசிக்கவனுக்குக் கை காப்புக் காய்ச்சிருக்குல. இத்துனூண்டு எண்ணெ வையி.”

“லேப்டாப்புக்கா? அப்டியே சீயக்காயும் போட்டுக் குளிப்பாட்டட்டா மாரி?”

“போ லே” என்று சிரித்துவிட்டு அவன் குளிக்கப் போனான்.

கதவு சாத்தியதும் அவன் எண்ணெய் பாட்டிலின் மூடியில் எண்ணெய் ஊற்றி லேப்டாப் பக்கத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டேன். முதல் சரணம்வரை உரசியது. பிறகு விரல் தந்தியில் வழுவழுவென்று போனது.

மூடியைப் பார்த்தேன். காலி.

சத்தமில்லாமல் இன்னொரு மூடி ஊற்றினேன். பக்கத்தில் ஒரு சீயக்காய் பாக்கெட்டையும் வைத்தேன்.