ஆட்சேபணைக் கடிதம்

"பயந்துட்டானுங்கடா! ஒரு வாரமா ஒரு ஜன்னலாவது திறந்திருக்கா பாரு!" என்றான் வைதஸ், ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் குரல் பாதிதான் வந்தது.

கௌனஸ் நகரத்தில், அண்டை நாட்டுத் துணைத் தூதரகத்தின் வாசலில், நாற்பது பேர் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். இரும்புக் கதவு சாத்தியது சாத்தியபடியே இருந்தது.

நான்கு வருஷம்! வைதஸும் அவன் சிநேகிதன் ஆரூனஸும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஒரு வாடகை அறையில் ராப்பகலாக உட்கார்ந்து உருவாக்கிய கணினி விளையாட்டு அது. லிதுவேனிய மக்கள் தங்கள் எழுத்தில் புத்தகம் அச்சடிக்கவே அந்த அண்டை நாட்டின் பழைய பேரரசு தடை போட்டிருந்த காலத்தில், உயிரைப் பணயம் வைத்துப் புத்தகங்களை எல்லை தாண்டிச் சுமந்து வந்தவர்களின் கதை. ஏப்ரல் கடைசியில்தான் வெளியானது.

மே மூன்றாம் தேதி காலை, அதை விற்ற இணையக் கடையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'அண்டை நாட்டு அரசின் ஆட்சேபணை காரணமாக, தங்கள் விளையாட்டை எல்லா நாடுகளிலும் நீக்கிவிட்டோம்.' அவ்வளவுதான். ஒரு வருத்தம்கூடக் கிடையாது.

எல்லா நாடுகளிலும்! அண்டை நாட்டுக்காரன் தன் நாட்டில் எடுத்தால் அது அவன் பாடு. நம் ஊரில், நம் ஜனங்கள் வாங்குவதற்குத் தடை போட அவன் யார்? வைதஸுக்கு நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் யாருக்கு எதன்மேல் கோபம் வந்தாலும் அந்தத் தூதரக வாசலில் போய் நிற்பதுதான் வழக்கம். அவனும் மறுநாளே அங்கே கூட்டத்தைக் கூட்டிவிட்டான்.

"டேய், நான் ஒண்ணு சொல்லவா?" என்றான் ஆரூனஸ். "கேமை எடுத்தது கடைக்காரன். அவன் ஆபீஸ் இங்கேருந்து ரெண்டு தெரு. அங்க போய் நிப்போம்டா."

"கடை நம்ம ஆளுங்கடா. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம். ஒரு அரசாங்கமே வந்து மிரட்டினா யாருதான் எதுத்து நிப்பாங்க?"

"சரி, அவன்கிட்ட வாங்குறதையாவது நிறுத்துவோம். திரும்பிப் பாரு, நம்ம கூட்டத்துலயே பாதிப் பேரு போன்ல அவன் கடையிலதான் மேய்ஞ்சுக்கிட்டு இருக்கான்."

குடைக்குக் கீழே நின்ற ஒருவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் நிமிர்ந்தான். "தள்ளுபடி இன்னையோட முடியுதுப்பா. அது வேற, இது வேற."

ஆரூனஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் நெரிங்கா வந்தாள். அந்தக் கடையின் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள். தினமும் போராட்டக்காரர்களுக்கு ஆட்டுக்கறி வைத்த, கிபினை என்ற சூடான பலகாரம் வாங்கி வருவாள்.

"சாப்பிடுங்க. வைதஸ், நாங்க எல்லாம் உன் பக்கம்தான். எங்க கையைக் கட்டிப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்."

"அந்த ஆட்சேபணைக் கடிதத்தை ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டேன், நெரிங்கா. எட்டு நாளா கேக்குறேன். பத்திரிகைக்காரங்ககிட்ட குடுத்தா நாறடிச்சிடுவாங்க."

"அது... ரகசியம். வெளிய காட்டக் கூடாதாம்." அவள் பொட்டலம் பிரிப்பதில் மும்முரமானாள். அவளைப் போய்த் தொந்தரவு செய்கிறோமே என்று வைதஸுக்கே சங்கடமாகிவிட்டது.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தானும் ஒரு கிபினையை எடுத்துக்கொண்டார். "யாரைப் பார்த்துக் கத்துறீங்க தம்பி? ஒண்ணாம் தேதியிலேருந்தே இங்க விளக்கு எரியலையே."

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே அவ்வளவு பயமா!" என்றான் வைதஸ். கூட்டம் விசிலடித்தது.

பத்தரை மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. பெட்டியும் கையுமாக இறங்கிய ஆள், வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தவர், சாவியை எடுத்துத் தூதரகக் கதவைத் திறக்கப் போனார். வைதஸ் பாய்ந்து போய் அவர் வழியை மறித்தான்.

"நாலு வருஷ உழைப்புய்யா! உங்க அரசாங்கம் எங்க கேமை எப்படித் தடை பண்ணலாம்? குடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்குங்க! வாங்காம உள்ள போக விட மாட்டேன்!"

அவர் மிரண்டுபோய்ப் போலீஸ்காரரைப் பார்த்தார். "எந்தக் கடிதம்? ஒண்ணாம் தேதியே பூட்டிட்டு மே மாச லீவுக்கு ஊருக்குப் போயிட்டோம். அங்கேயும் ஒரு ஆபீஸ்கூடத் திறக்கல. இன்னைக்குத்தான் நானே வர்றேன்."

வைதஸ் மெதுவாக நெரிங்கா பக்கம் திரும்பினான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எப்படியும் அவங்க எடுக்கச் சொல்லத்தானே போறாங்கன்னு... எதுக்கு வம்புன்னு... மேல இருக்கிறவங்க முன்னாடியே எடுத்துடச் சொன்னாங்க, வைதஸ்."

"அடிப்பாவி!" என்றான் ஆரூனஸ். எட்டு நாள் கத்தியது முழுக்க வீண் என்று நினைத்தபோது வைதஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தூதரகத்து ஆள் பெட்டியைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அது என்ன கேம்? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."